பிரிண்ட் கொடுத்தால் அணையும் கம்ப்யூட்டர்: மதர்போர்டை மாற்றுவதற்கு முன்

கேள்வி: நீடாமங்கலம் பக்கம் ஒரு சின்ன ஊரில் ஜெராக்ஸ், ஆன்லைன் சேவைக் கடை வைத்திருக்கிறேன். 2017-இல் வாங்கிய ஐ3 கம்ப்யூட்டர், விண்டோஸ் 10. இரண்டு மாதமாகத் திடீரென்று திரை கறுத்துப்போய், தானாகவே மறுபடி ஆன் ஆகிறது. பிரிண்ட் கொடுக்கும்போது அதிகம். காலையிலும், மாலை விளக்கு வைக்கும் நேரத்திலும் இன்னும் மோசம். இரண்டு முறை பிழை எழுதிய நீலத்திரை வந்தது. மெக்கானிக் பார்மட் போட்டுக் கொடுத்தார், சரியாகவில்லை. அவர் கடையில் ஒரு நாள் முழுக்க ஓடியது, என் கடைக்குக் கொண்டுவந்த அன்றே அணைந்தது. இப்போது மதர்போர்டு போய்விட்டது, பழைய போர்டு ஒன்று வாங்கிப் போடலாம் என்கிறார். சிபியுவைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது. கோடையில் அதிகமாக இருந்தது, மழை பெய்தபின் குறைந்திருக்கிறது. தேதியும் அடிக்கடி 2016-க்குப் போய்விடுகிறது. 600 விஏ யுபிஎஸ் இருக்கிறது. எல்லாவற்றையும் அதில்தான் சொருகியிருக்கிறேன். சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். வீட்டுக்காரர் லேப்டாப் வாங்கிவிடலாம் என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

போர்டுக்கு இப்போது பணம் கொடுக்காதீர்கள். உங்கள் கடிதத்தில் நீங்களே முக்கால்வாசி விடையை எழுதிவிட்டீர்கள். மெக்கானிக்கின் கடையில் ஒரு நாள் முழுக்க நின்று ஓடிய போர்டு உங்கள் கடைக்கு வந்ததும் அணைகிறது என்றால், முதலில் பார்க்க வேண்டியது போர்டை அல்ல, உங்கள் கடையில் அதைச் சுற்றி இருப்பவற்றை. அவர் மேசையில் இல்லாதது எது? உங்கள் பிரிண்டர், உங்கள் யுபிஎஸ், உங்கள் பிளக் பாயின்ட், உங்கள் தெருவின் கரண்ட். அவரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. அவர் கண்ணெதிரே நடக்காத ஒன்றை அவர் ஊகித்துத்தான் சொல்ல முடியும்.

‘எல்லாவற்றையும் யுபிஎஸ்ஸில் சொருகியிருக்கிறேன்’ என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் முதலில் நின்றது அந்த வரியில்தான். பிரிண்டர் லேசர் என்றே எடுத்துக்கொள்கிறேன், ஜெராக்ஸ் கடைகளில் அதுதான் இருக்கும். லேசர் பிரிண்டருக்குள் டோனர் பொடியைத் தாளில் உருக்கி ஒட்டவைக்க ஓர் உருளை இருக்கிறது. பிரிண்ட் கொடுத்ததும் அந்த உருளை சூடேற வேண்டும். அந்தச் சில நொடிகளில் பிரிண்டர் இழுக்கும் கரண்ட், சும்மா இருக்கும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு. 600 விஏ யுபிஎஸ் உண்மையில் தாங்குவது சுமார் 360 வாட். சிபியுவும் மானிட்டரும் சேர்ந்து ஒரு 100 வாட் எடுத்தால் அது நிம்மதியாக ஓடும். லேசர் பிரிண்டரின் உருளை சூடேறும் கணத்தில் அந்த 360 வாட் போதவே போதாது. அதனால்தான் லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ஸில் சொருகக் கூடாது என்று யுபிஎஸ் செய்யும் நிறுவனங்களே கையேட்டில் எச்சரிக்கின்றன. கையேட்டை யார் பிரித்துப் படிக்கிறோம்!

இனி, காலையும் மாலையும் ஏன் மோசம் என்று பார்ப்போம். நம் பக்கம் மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் வயல்காட்டு போர் மோட்டார்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடத் தொடங்கும். ஆற்றில் முறை வைத்துத் தண்ணீர் விடும் நாட்களில் கேட்கவே வேண்டாம். மாலையில் ஊர் முழுக்க விளக்கு, மிக்சி, டிவி. ஒரே டிரான்ஸ்பார்மரில் இத்தனையும் தொங்கும்போது வோல்டேஜ் இறங்கும். நமக்கு வர வேண்டியது 230 வோல்ட்; அதில் 6 சதவீதம் கூடலாம், குறையலாம், அதாவது 216-க்கும் 244-க்கும் நடுவில் நிற்க வேண்டும். கிராமத்துக் கடைசிக் கம்பத்தில் 170, 180 என்று இறங்குவது நாம் எல்லோரும் கண்ணால் பார்க்கிற விஷயம். டியூப்லைட் சிமிட்டும், பேன் மெதுவாகும், யுபிஎஸ் ‘டக், டக்’ என்று சத்தம் போடும்.

அந்த ‘டக்’ சத்தத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். வெளியிலிருந்து வரும் கரண்டிலிருந்து பேட்டரிக்கு யுபிஎஸ் மாறும் நேரம் அது. மாறுவதற்குச் சில மில்லிசெகண்ட் ஆகும், சிலவற்றில் பத்து வரை போகும். அந்த இடைவெளியில் கம்ப்யூட்டருக்குக் கரண்டே இல்லை. சிபியுவுக்குள் கரண்டை மாற்றிக் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸில் இருக்கும் பெரிய கெபாசிட்டர் ஒன்றில் சேர்த்து வைத்திருக்கும் மின்சாரத்தைக் கொண்டு அது சமாளிக்கிறது. குழாயில் தண்ணீர் நின்றாலும் குடத்தில் இருப்பதை வைத்து உலை வைத்துவிடுவதைப்போல. ஆனால் விலை குறைந்த எஸ்எம்பிஎஸ்ஸில், வோல்டேஜ் குறைந்தால் அந்தச் சேமிப்பும் குறையும். சேமிப்பு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230-இல் 100 பங்கு இருந்தால் 170-இல் சுமார் 55 பங்குதான். அதில் கடைசிவரை உறிஞ்சவும் முடியாது. எட்டு வருஷம் சூட்டில் கிடந்த கெபாசிட்டருக்கு அந்த 55-உம் இருக்காது.

சேர்த்துப் பாருங்கள். காலை நேரம், வோல்டேஜ் ஏற்கெனவே கீழே. யாரோ அடங்கல் (பயிர்ப் பதிவு) நகல் கேட்கிறார்கள், பிரிண்ட் கொடுக்கிறீர்கள். உருளை சூடேறக் கரண்டை இழுக்கிறது, வோல்டேஜ் இன்னும் இறங்குகிறது, யுபிஎஸ் பேட்டரிக்குத் தாவுகிறது, பேட்டரியால் பிரிண்டரையும் கம்ப்யூட்டரையும் சேர்த்துத் தாங்க முடியாமல் படுத்துவிடுகிறது. திரை கறுக்கிறது. அடுத்த நொடி மெயின் கரண்ட் திரும்பியதும் கம்ப்யூட்டர் தானாக ஆன் ஆகிறது. இதற்கு எத்தனை முறை பார்மட் போட்டாலும் தீராது.

அதனால் இன்றைக்கே பிரிண்டரை யுபிஎஸ்ஸிலிருந்து கழற்றி நேராகச் சுவர் பிளக்கில் சொருகுங்கள். கம்ப்யூட்டர் இருக்கும் அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் வேண்டாம், தனி பிளக். ஜெராக்ஸ் மெஷினுக்கும் இதே கதைதான். யுபிஎஸ்ஸில் சிபியு, மானிட்டர், இன்டர்நெட் மோடம் இந்த மூன்றும் போதும். இரண்டு நாள் இப்படி ஓட்டுங்கள். பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து, அணையும்போதெல்லாம் மணி என்ன, என்ன செய்துகொண்டிருந்தீர்கள், விளக்கு மங்கியதா, யுபிஎஸ் கத்தியதா என்று ஒரு வரி எழுதுங்கள். எந்த மெக்கானிக்கிடம் போனாலும் அந்த நோட்டுதான் அவருக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுக்கும்.

யுபிஎஸ் பேட்டரியையும் சோதித்துவிடுங்கள். கம்ப்யூட்டரை ஆன் செய்து விண்டோஸ் வருவதற்கு முன் டெலிட் அல்லது எப்2 விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ் திரை வரும். கோப்பு எதுவும் திறந்திருக்காததால் அங்கே அணைந்தாலும் நஷ்டமில்லை. அந்தத் திரையில் நிற்கும்போது யுபிஎஸ் சொருகியிருக்கும் சுவர் ஸ்விட்சை அணையுங்கள். பிளக்கைப் பிடுங்க வேண்டாம்; பிடுங்கினால் எர்த்தும் சேர்ந்து போய்விடும். ஐந்து பத்து நிமிஷம் தாங்கினால் பேட்டரிக்கு உயிர் இருக்கிறது. அரை நிமிஷத்தில் படுத்தால் மாற்ற வேண்டியதுதான். உள்ளே இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி, இரண்டு மூன்று வருஷம் உழைக்கும், விலை ஆயிரம் ரூபாயை ஒட்டித்தான் இருக்கும். பழைய போர்டுக்குப் போகும் பணத்தைவிட இது குறைவு.

அதே பயாஸ் திரையில் இன்னொரு சோதனையும் செய்துவிடலாம். கரண்ட் நன்றாக இருக்கும் நேரமாகப் பார்த்து, கம்ப்யூட்டரை அரை மணி நேரம் அந்தத் திரையிலேயே விட்டுவிடுங்கள். அங்கேயும் அணைந்தால் விண்டோஸ் மேல் பழி போட வழியில்லை. எஸ்எம்பிஎஸ், சூடு, போர்டு இவற்றில் ஒன்று. அங்கே அணையாமல் விண்டோஸில் மட்டும் அணைந்தால் டிரைவர் (பிரிண்டர் போன்றவற்றை இயக்கும் மென்பொருள்), ஹார்டு டிஸ்க், ராம் (நினைவகம்) என்று தேடல் வேறு பக்கம் போகும். விண்டோஸுக்கு வந்தபிறகுதான் பிராசஸர் முழு மூச்சாக உழைக்கிறது என்பதால் சூட்டையும் அப்போது முழுக்கத் தள்ளிவிட முடியாது.

சூடு என்றதும் சிபியுவின் பக்கக் கதவைத் திறக்க வேண்டியிருக்கிறது. ஸ்விட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றிவிட்டுத் திறங்கள். ஜெராக்ஸ் கடைச் சிபியுவுக்குள் சாதாரணத் தூசி மட்டும் இருக்காது, டோனர் பொடியும் தாள் துகளும் சேர்ந்து கம்பளி மாதிரி படிந்திருக்கும். ரைஸ் மில் பக்கத்தில் இருந்தால் தவிட்டுத் தூசியும் சேரும். பேனை விரலால் பிடித்துக்கொண்டு புளோயரால் ஊதுங்கள்; பிடிக்காமல் ஊதினால் பேன் கண்டபடி சுற்றிப் பேரிங் கெட்டுவிடும். அப்புறம் பிராசஸர் மேல் உட்கார்ந்திருக்கும் அந்த வட்டப் பேனின் நான்கு மூலையிலும் கறுப்பு பிளாஸ்டிக் காலைப் பாருங்கள். நான்கும் ஒரே உயரத்தில் போர்டோடு கவ்வியிருக்க வேண்டும். யாராவது சுத்தம் செய்துவிட்டு மாட்டும்போது ஒரு கால் சரியாக இறங்காமல் தூக்கிக்கொண்டு நிற்பது ரொம்பச் சகஜம். அந்த ஒரு மூலை தூக்கியிருந்தால் போதும், பேனுக்கு அடியில் சூட்டை வாங்கிக்கொள்ளும் உலோகமான ஹீட்சிங்குக்குச் சூடு இறங்காமல் பிராசஸர் 100 டிகிரியைத் தாண்டி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். இப்படிச் சூட்டில் அணைவதற்கு ஓர் அடையாளம் உண்டு: உடனே ஆன் செய்தால் கொஞ்ச நேரத்தில் மறுபடி அணையும், அரை மணி ஆறவிட்டால் ஓடும். உங்கள் கடிதத்தில் அது இல்லை. அதனால் இதை நான் இரண்டாவது இடத்தில்தான் வைக்கிறேன். பேனுக்கு அடியில் உள்ள, சூட்டைக் கடத்தும் பேஸ்ட் மட்டும் எட்டு வருஷத்தில் காய்ந்திருக்கும், மாற்றிவிடச் சொல்லுங்கள்.

கதவு திறந்திருக்கும்போதே போர்டில் நிற்கும் சிறிய உருளை வடிவக் கெபாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருந்தால் நல்லது. உப்பியோ, பழுப்பாகக் கசிந்தோ இருந்தால் மெக்கானிக் சொல்வதில் உண்மை இருக்கிறது என்று நானும் ஒப்புக்கொள்வேன். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் நீங்கள் திறக்கவே கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் அதற்குள் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். அதன் பின்புறம் 230, 115 என்று எழுதிய சிவப்பு ஸ்விட்ச் இருந்தால் அதைத் தொடாதீர்கள். 115-க்குத் தள்ளினால் அந்த நிமிஷமே வெடித்துவிடும். எஸ்எம்பிஎஸ்ஸை மெக்கானிக் மல்டிமீட்டரில் பார்க்கட்டும். பிரிண்டர் இல்லாமல், கம்ப்யூட்டர் வேலை செய்துகொண்டிருக்கும்போது மஞ்சள் வயரில் 11.4-க்கும் 12.6-க்கும் நடுவில், சிவப்பு வயரில் 4.75-க்கும் 5.25-க்கும் நடுவில் நிற்க வேண்டும். சும்மா இருக்கும்போது 12 காட்டிவிட்டு, வேலை கொடுத்ததும் 11-க்கு இறங்கினால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுங்கள். புதிதாக வாங்கினால் பெட்டியில் பெரிதாக அச்சிட்ட வாட்டைப் பார்த்து ஏமாற வேண்டாம். பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பார்த்து 12-ஆல் பெருக்குங்கள். உங்கள் மெஷினுக்கு உதவுவது அந்த எண்தான்.

அடுத்து ஷாக். கம்ப்யூட்டர் அணைவதைவிட இதுதான் எனக்குக் கவலை. எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே வடிகட்டும் கெபாசிட்டர்கள் வழியாகத் துளி கரண்ட் எப்போதும் இரும்புப் பெட்டிக்குக் கசியும். அது எர்த் வழியாக மண்ணுக்குப் போய்விட வேண்டும். உங்களுக்குச் சுர்ரென்று வருகிறது என்றால் அது போக வழியில்லாமல் உங்கள் உடம்பு வழியாகப் போகிறது. மழைக்குப் பின் குறைந்தது என்று எழுதியது நல்ல குறிப்பு. எர்த் குழி இருக்கிறது, ஆனால் கோடையில் மண் காய்ந்துவிட்டது என்று தோன்றுகிறது. நம் களிமண் வெயிலில் விரிசல் விட்டால் குழியில் இருக்கும் குழாய்க்கும் மண்ணுக்கும் ஒட்டே இருக்காது. மழை இருக்கிறது என்று விட்டுவிடாமல் இப்போதே எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். பிளக் பாயின்ட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது என்று சொல்லி அளக்கச் சொல்லுங்கள். நடுவில் எங்காவது இரண்டு முள் மல்டிபிளக் சொருகியிருந்தால் எடுத்து எறியுங்கள். எர்த் இல்லாததால் மட்டும் கம்ப்யூட்டர் அணையாது, ஆனால் ஒரு நாள் எஸ்எம்பிஎஸ்ஸில் உண்மையான கசிவு வந்தால் காப்பாற்ற வேறு ஒன்றும் இல்லை. அதுவரை செருப்பில்லாமல், ஈரக் கையோடு சிபியுவின் பின்பக்கம் கை வைக்க வேண்டாம். கடைக்கு வரும் குழந்தைகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.

தேதி 2016-க்குப் போவது இதோடு சம்பந்தமில்லாத சின்ன விஷயம். போர்டில் ஐந்து ரூபாய் நாணயம்போல் 2032 என்று எழுதிய 3 வோல்ட் பேட்டரி இருக்கும், அது தீர்ந்துவிட்டது. இரவில் மெயினை அணைத்துவிட்டுப் போகிறீர்கள் போலிருக்கிறது, அதனால்தான் காலையில் தேதி மாறுகிறது. தேதி தவறாக இருந்தால் அரசுத் தளங்கள் ‘பாதுகாப்பில்லை’ என்று திறக்காது. பேட்டரியை மாற்றினால் முடிந்தது.

இனி அந்த நீலத்திரை. இரண்டு முறைதான் என்றாலும் விட்டுவிட முடியாது. எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் பிடுங்கப்பட்ட ஹார்டு டிஸ்க்கில் கோப்புகள் கெடுவது சகஜம், அதன் விளைவாகவும் நீலத்திரை வரும். விண்டோஸ் தேடல் பெட்டியில் ‘ரிலையபிலிட்டி’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் நாள்வாரியாக ஒரு படம் திறக்கும். எந்த நாளில் என்ன அணைந்தது என்று சிவப்புக் குறியோடு காட்டும். இன்னும் நுணுக்கமாக வேண்டுமென்றால் விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதிக்குப் போய் ‘கெர்னல் பவர் 41’ என்ற பதிவைத் திறந்து, டீட்டெயில்ஸ் பக்கத்தில் ‘பக்செக் கோட்’ என்ற பிழை எண் என்ன என்று பாருங்கள். பூஜ்யம் என்றால் விண்டோஸுக்குச் சொல்ல அவகாசமே இல்லாமல் கரண்ட் போயிருக்கிறது, அல்லது மெஷின் அப்படியே உறைந்திருக்கிறது. 26 என்று இருந்தால் நினைவகத் தகராறு. ராமைக் கழற்றி அதன் தங்கநிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்துவிட்டு மாட்டச் சொல்லுங்கள், அப்புறம் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்கை ஓட்டிப் பார்க்கலாம். 292 என்று இருந்தால் அது ஹார்டுவேர் பிழை. அப்போதுதான் போர்டு, பிராசஸர் பேச்சை எடுக்கலாம். என் ஊகம், உங்களுக்குப் பெரும்பாலும் பூஜ்யமாகத்தான் இருக்கும்.

‘வியூ அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்’ திறந்து, ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரியில் ‘ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்’ என்பதில் உள்ள டிக்கையும் எடுத்துவிடுங்கள். இனி நீலத்திரை வந்தால் ஓடிப்போகாமல் நிற்கும், போனில் படம் எடுத்துக்கொள்ளலாம். டிக்கை எடுத்த பிறகும் நீலமே வராமல் கறுத்துத் திரும்ப ஆன் ஆனால், மறுபடி கரண்ட் பக்கம்தான்.

ஹார்டு டிஸ்க்கை ‘கிரிஸ்டல் டிஸ்க் இன்போ’ என்ற இலவச மென்பொருளில் பாருங்கள். நீலத்தில் ‘குட்’ என்று காட்டினால் சரி. மஞ்சளில் ‘காஷன்’ என்று காட்டி, நிலுவை செக்டர் (படிக்க முடியாமல் நிற்கும் பகுதி) எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறினால் அந்த டிஸ்க்கை நம்பாதீர்கள், எஸ்எஸ்டிக்கு மாறிவிடுங்கள். எது எப்படியானாலும் கணக்குப் புத்தகம், வாடிக்கையாளர் படிவம் எல்லாவற்றையும் இன்றே ஒரு பென்டிரைவில் எடுத்து வையுங்கள். அப்படி எடுக்கும்போது டவுன்லோட்ஸில் குவிந்திருக்கும் ஊர்க்காரர்களின் ஆதார், பாஸ்புக் நகல்களை வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். அந்த சிபியு மெக்கானிக் கடைக்குப் போகும்போது அவர்கள் எல்லோருடைய ஆதாரும் கூடவே போகிறது.

லோ வோல்டேஜுக்கு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் எண் 94987 94987-இல் புகார் பதியுங்கள். பிளக்கில் சொருகும் சின்ன டிஜிட்டல் வோல்ட் மீட்டர் ஒன்று வாங்கி, காலை மாலை எத்தனை காட்டுகிறது என்று அந்த நோட்டில் எழுதிவைத்தால் புகாருக்கும் அது பலம். கடையில் வீட்டு இன்வெர்ட்டர் இருந்து அதிலிருந்துதான் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் வருகிறது என்றால், அதன் பின்னால் நார்மல், யுபிஎஸ் என்று இருக்கும் ஸ்விட்ச் யுபிஎஸ் பக்கம் இருக்க வேண்டும். நார்மலில் இருந்தால் சுமார் 100 வோல்ட் வரை இறங்கினாலும் அப்படியே உள்ளே விட்டுவிடும், பேட்டரிக்கு மாறவும் அதிக நேரம் எடுக்கும்.

வீட்டுக்காரர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. லேப்டாப்பில் பேட்டரி உள்ளேயே இருப்பதால் வோல்டேஜ் ஆடினாலும் அது அணையாது. ஆனால் இந்தப் பழுதுக்காக அவசரப்பட்டு வாங்க வேண்டாம். வாங்க வேறு காரணம் ஒன்று இருக்கிறது: விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவை நிறுத்திவிட்டது, 2017-இல் வாங்கிய ஐ3 விண்டோஸ் 11-க்குத் தகுதியுள்ள பட்டியலில் இருக்க வாய்ப்பு குறைவு, இன்டெல்லில் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் பட்டியல் தொடங்குகிறது. ஊரார் பணத்தையும் ஆவணத்தையும் கையாளும் மெஷின் என்பதால் இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்க முடியாது. காப்பீட்டுக் கூட்டம் ஓய்ந்து, சம்பா அறுவடைக்குக் கையில் காசு வரும்போது நிதானமாகப் பார்த்து வாங்குங்கள். அப்படியிருக்க, இந்தப் பழைய மெஷினுக்கு இன்னொரு பழைய போர்டு எதற்கு?

பிரிண்டரைப் பிரித்த பிறகும், பேட்டரி நன்றாக இருந்தும் அணைந்தால், நோட்டில் எழுதிய நேரங்களையும் அந்த பக்செக் எண்ணையும் எனக்கு அனுப்புங்கள். மெக்கானிக் போர்டுதான் என்று உறுதியாக நின்றால், அவர் மேசையிலேயே பயாஸ் திரையில் அது அணைவதை உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள், பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.